புதுப் பாதையில் ஏறினீர்களா? எழுதி வையுங்கள்

கங்கோத்ரிப் பக்கம் உள்ள மேரு சிகரத்தில் 'சுறாத் துடுப்பு' என்று பெயர் வாங்கிய செங்குத்துப் பாறையை 2011-ல் மூன்று அமெரிக்கர்கள் ஏறி முடித்த கதையைப் போன இதழில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன: இதையெல்லாம் யார் எழுதி வைக்கிறார்கள், எப்படி எழுதுகிறார்கள், படிக்கிறவர்கள் எதை வைத்து நம்புகிறார்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளுக்கு லீவு.

எவரெஸ்ட்டிலேயே வரிசை கட்டி நிற்கிறார்கள். எல்லா மலையும் ஏறியாகிவிட்ட பிறகு 'புதிய பாதை' என்று என்ன மிச்சம் இருக்கிறது? (ஒரு வாசகர், மதுரை)

நிறையவே இருக்கிறது. நீங்கள் படத்தில் பார்க்கிற அந்த வரிசை எவரெஸ்ட்டின் ஒரே ஒரு பாதையில் நிற்கிற வரிசை. ஒரு மலைக்கு உச்சி ஒன்றுதான், ஆனால் அதற்குப் போகும் ஒவ்வொரு சுவரும், ஒவ்வொரு ரிட்ஜும் (கூரான மலை முகடும்), ஒவ்வொரு பனி ஓடையும் மலையேறிகளுக்குத் தனித் தனிக் கணக்கு. மேருவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001-லேயே ரஷ்யரான வலேரி பாபனோவ் தனி ஆளாக அந்த நடு உச்சிக்கு வேறொரு கோட்டில் போய்விட்டார். பத்து வருடம் கழித்துக் கான்ராட் ஆங்கரும் ஜிம்மி சின்னும் ரெனான் ஓஸ்டர்க்கும் சுறாத் துடுப்பு வழியாக அதே உச்சிக்குப் போனது இன்னொரு புதிய பாதை. இரண்டும் தனித் தனியாகப் பதிவில் இருக்கின்றன, ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

அப்புறம், யாரும் தொடாத சிகரங்களே ஏராளம். வடக்கே லடாக்கின் ஜன்ஸ்கார், ஜம்முவின் கிஷ்த்வார் பக்கம் ஆறாயிரம் மீட்டர் சிகரங்கள் இன்னும் சும்மா நிற்கின்றன. கிழக்குத் திபெத்தில் கேட்கவே வேண்டாம். டமோட்சு நகமுரா என்ற ஜப்பானியர் 1990-களிலிருந்து அந்தப் பள்ளத்தாக்குகளில் திரும்பத் திரும்ப அலைந்து, ஏறப்படாத மலைகளைப் படம் பிடித்து, எது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தோடு வெளியிட்டார். பெரும்பாலானவற்றில் அவர் ஏறக்கூட இல்லை. மற்றவர்கள் போய் ஏறட்டும் என்று முகவரியை மட்டும் கொடுத்தார். எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

நானும் இரண்டு நண்பர்களும் இமாச்சலத்தில் லாஹௌல் பக்கம் 5,700 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே உள்ள ஒரு சிகரத்தில் வடக்குப் பக்கமாக ஏறினோம். அந்தப் பக்கம் யாரும் ஏறியதாக உள்ளூரில் யாருக்கும் தெரியவில்லை. முதல் ஏற்றம் என்று எப்படிப் பதிவு செய்வது, யாருக்கு அனுப்புவது? (ஒரு வாசகர், கோவை)

முதலில் வாழ்த்துகள். அடுத்து, அந்த 'முதல்' என்ற சொல்லைக் கொஞ்ச நாள் பையிலேயே வைத்திருங்கள்.

உள்ளூரில் யாருக்கும் தெரியவில்லை என்பது சான்று ஆகாது. லாஹௌலில் கொல்கத்தா மலையேற்றச் சங்கங்கள் பல பத்தாண்டுகளாக ஏறிக்கொண்டிருக்கின்றன, எழுதுவதோ பாதி வங்காளத்தில். மலையேற்ற அறிக்கைகளை வெளியிடும் ஹிமாலயன் ஜர்னல் 1929-லிருந்து வருகிறது, அமெரிக்கன் ஆல்பைன் ஜர்னலும் அதே 1929-லிருந்து. இரண்டின் பழைய பக்கங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. சிகரத்தின் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். பள்ளத்தாக்கின் பெயர், பனியாற்றின் பெயர், பக்கத்துக் கணவாயின் பெயர் எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள், ஏனென்றால் ஒரே ஓடையை மூன்று குழுக்கள் மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், சில சிகரங்களுக்கோ வரைபடத்தில் உயரத்தைத் தவிர வேறு அடையாளமே இருக்காது. அப்படியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், 'எங்களுக்குத் தெரிந்தவரை முந்தைய ஏற்றம் எதுவும் பதிவாகவில்லை' என்று எழுதுங்கள். இந்த ஒரு வரியைப் பார்த்தவுடனே பதிப்பாசிரியருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வந்துவிடும்.

இனி அறிக்கை. உயிர்நாடி ஒரு படம். உச்சியில் கொடியோடு எடுத்ததைச் சொல்லவில்லை, எதிர்ப் பக்கத்திலிருந்து மலைச் சுவர் முழுவதும் தெரிகிற மாதிரி எடுத்த படத்தைச் சொல்கிறேன். ஆயிரம் செல்ஃபியோடு திரும்பி வருகிறவர்களிடம் இந்த ஒன்று இருக்காது. அதன்மேல் நீங்கள் போன வழியை மெல்லிய கோடாக வரையுங்கள், பாறைக்குப் பின்னால் மறைகிற இடத்தில் புள்ளிக் கோடு, இரவு தங்கிய இடத்தில் ஒரு குறி. கோட்டைத் தடியாகப் போட்டால் அதன் அடியில் இருக்கிற பாறையே தெரியாமல் போய்விடும்.

எழுத்தில் என்ன வேண்டும் என்றால், எந்தப் பனியாற்றிலிருந்து கிளம்பினீர்கள், சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது, உச்சியின் உயரத்தை வரைபடத்திலிருந்து எடுத்தீர்களா அல்லது கையிலிருந்த ஜி.பி.எஸ். காட்டியதா என்பதிலிருந்து தொடங்குங்கள். '800 மீட்டர் பாதை' என்று மட்டும் எழுதினால் குழப்பம்தான், அது செங்குத்து உயரமா அல்லது கயிறு போட்டு ஏறிய மொத்த நீளமா என்று சொல்லிவிட வேண்டும், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வரும். கடினத்தைச் சொல்லும்போது எந்த முறையில் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். பாறைக்கு ஒரு அளவு, பனிக்கட்டிக்கு ஒரு அளவு, பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒன்று, அமெரிக்கர்களுக்கு ஒன்று. வெறுமனே 'கிரேடு 5' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எந்த மாதம், பனி எப்படி இருந்தது என்பதை விடவே கூடாது. ஜூனில் உறைபனியில் படி போட்டு ஏறிய அதே இடம் செப்டம்பரில் கல் உருளும் சரிவாக இருக்கலாம்.

எப்படி ஏறினீர்கள் என்பதை ஒளிக்காதீர்கள். முன்கூட்டியே கயிறு கட்டி வைத்தீர்களா, பாறையில் துளை போட்டு போல்ட் அடித்தீர்களா, எத்தனை, எதையெல்லாம் மேலேயே விட்டுவிட்டு வந்தீர்கள், எல்லாம் வேண்டும். யாராவது குறை சொல்வார்களே என்று இதில் மழுப்புகிறவர்கள் அதிகம். சொல்லாமல் விட்டது பின்னால் தெரியவந்தால் மொத்த அறிக்கையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இன்னொன்று, இறங்கிய வழி. ஏறியதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு 'பிறகு பத்திரமாக இறங்கினோம்' என்று ஒரே வரியில் முடிப்பது பெரிய பெரிய ஆட்களுக்கும் உள்ள வியாதி. அடுத்து அங்கே போகிறவர் களைத்துப்போய், இருட்டிய பிறகு, அந்த ஒரு வரியை நினைத்துக்கொண்டு நிற்பார், பாவம். எந்தப் பக்கம் இறங்கினீர்கள், எங்கே கயிற்றில் தொங்கினீர்கள், எந்த ஓடைக்குள் இறங்கக் கூடாது என்று எழுதுங்கள்.

அனுப்ப வேண்டிய இடங்கள்: மேலே சொன்ன இரண்டு ஜர்னல்களும். அமெரிக்கன் என்று பெயர் இருந்தாலும் அது உலகம் முழுவதிலிருந்தும் வாங்கிப் போடுகிறது. டெல்லியில் உள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் அனுமதியோடு போயிருந்தால் அவர்களுக்கு எப்படியும் அறிக்கை கொடுத்தாக வேண்டும். ஆங்கிலம் அழகாக இல்லையே என்று தயங்காதீர்கள், அதைத் திருத்த அங்கே ஆள் உண்டு. அவர்கள் பதிலுக்குப் பத்துக் கேள்வி கேட்டு எழுதினால் கோபப்படவும் செய்யாதீர்கள், அக்கறையாகப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உச்சியில் எடுத்த புகைப்படம் இல்லாவிட்டால் நம்ப மாட்டார்களா? (ஒரு வாசகி, திருச்சி)

புகைப்படம் இல்லாமலும் நம்பியிருக்கிறார்கள், புகைப்படம் இருந்தும் ஏமாந்திருக்கிறார்கள்.

அலாஸ்காவின் டெனாலியில் 1906-ல் ஏறிவிட்டதாக ஃபிரெடரிக் குக் என்ற மருத்துவர் அறிவித்தார். கையில் படம் இருந்தது, கொடியோடு ஒருவர் உச்சிப் பாறையில் நிற்கிறார், வேறென்ன வேண்டும்? 1910-ல் பெல்மோர் பிரவுனும் ஹெர்ஷல் பார்க்கரும் தேடிப் போய் அந்தப் பாறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். டெனாலியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, கீழே கிடக்கிற ஒரு சின்ன மேடு. இப்போது அதற்குப் 'போலிச் சிகரம்' என்றே பெயர்.

இதற்கு நேர் எதிர் 1960-ல் எவரெஸ்ட்டில் நடந்தது. சீனக் குழுவினர் மூவர் வடக்குப் பக்கமாக ஏறி விடிவதற்கு முன்பே உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சொன்னார்கள். இருட்டில் எங்கே படம் எடுப்பது? மேற்கத்திய நாடுகளில் பல வருடம் நம்பவில்லை. காலம் போகப் போகத்தான் ஏற்றுக்கொண்டார்கள். 1975-ல் மறுபடி போன சீனர்கள் உச்சியில் ஒரு உலோக முக்காலியையே நட்டுவிட்டு வந்தார்கள், யாரும் கேள்வி கேட்க முடியாதபடி.

போலந்துக்காரர் யெர்சி குக்குச்கா 1981-ல் மகாலுவில் தனியாக ஏறினார். கூட ஆள் இல்லை என்பதால் சந்தேகம் எழுந்தது. அவர் தன் மகனின் பிளாஸ்டிக் வண்டுப் பொம்மை ஒன்றை உச்சியில் வைத்துவிட்டு வந்திருந்தார். அடுத்த வருடம் ஏறிய கொரியர் ஒருவர் அந்தப் பொம்மையைக் கண்டெடுத்தார், வழக்கு முடிந்தது.

ஆனால் படத்தையும் பொம்மையையும் விட நம்பகமான சாட்சி ஒன்று உண்டு, அது வழியைப் பற்றிய விவரம். தென் அமெரிக்காவின் தென்கோடியில், பட்டகோனியாவில் செர்ரோ டோர்ரே என்று ஒரு மலை, ஊசி மாதிரி நிற்கும், தலையில் பனிக்கட்டிக் காளான். 1959-ல் சீசரே மேஸ்ட்ரி என்ற இத்தாலியர், டோனி எகர் என்ற ஆஸ்திரியரோடு அதன் உச்சிக்குப் போனதாகவும், இறங்கும்போது பனிச்சரிவில் எகர் இறந்து கேமராவும் அவரோடு போய்விட்டதாகவும் சொன்னார். கூட வந்தவர் உயிரை விட்டிருக்கிறார், எப்படிச் சந்தேகப்படுவது? பாராட்டித் தள்ளினார்கள். 1976-ல் ஜிம் டோனினி உள்ளிட்ட மூன்று அமெரிக்கர்கள் பக்கத்துச் சிகரத்துக்குப் போகும் வழியில் மேஸ்ட்ரி சொன்ன அதே பகுதியில் ஏறினார்கள். ஓரளவு உயரம் வரை அவர் விட்டுச் சென்ற கயிறு, ஆணி என்று சாமான்கள் நிறைய இருந்தன, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. அதைவிட முக்கியம், அந்த உயரத்துக்கு மேல் அவர் சொன்ன வர்ணனை பாறையோடு ஒத்துப்போகவே இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித்தான் இருந்தது அவர் பேச்சு. 2005-ல் எர்மன்னோ சால்வட்டெர்ரா, ரோலந்தோ கரிபோட்டி, அலெஸ்சாந்த்ரோ பெல்ட்ராமி மூவரும் அந்த வடக்குப் பக்கத்தை உச்சி வரை ஏறிப் பார்த்தார்கள், மேலே மேஸ்ட்ரியின் தடயம் எதுவும் இல்லை. 1974-ல் மேற்குப் பக்கமாக ஏறிய லெக்கோ நகரத்து இத்தாலியர்களைத்தான் இன்று முதலில் ஏறியவர்கள் என்று ஏற்கிறார்கள். மேஸ்ட்ரி 2021-ல் இறக்கும்வரை தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் கைக்கடிகாரமே போன வழியைப் பதிந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். நல்லதுதான், அனுப்புங்கள். ஆனால் இடுக்கான பனி ஓடைக்குள் அந்தக் கோடு அங்கும் இங்கும் தாவும், நீங்கள் அந்த இடத்தை எப்படிக் கடந்தீர்கள் என்றும் அது சொல்லாது. அன்று மாலை கூடாரத்திலேயே நான்கு வரி குறித்து வைப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

நேபாளத்தில் ஒரு பெண்மணி ஏறியவர்களையெல்லாம் விசாரித்துச் சான்றிதழ் கொடுத்தார் என்கிறார்களே, உண்மையா? (ஒரு வாசகர், சென்னை)

சான்றிதழ் கொடுத்ததில்லை, ஆனால் அவர் ஏற்றுக்கொண்டால் உலகம் ஏற்றுக்கொண்டது. எலிசபெத் ஹாலி, அமெரிக்கர். 1960-ல் காட்மாண்டுவில் குடியேறி ராய்ட்டர்ஸுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர். மலையேற்றச் செய்திகளுக்காகக் குறிப்பெடுக்க ஆரம்பித்தது அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டுவிட்டது. அவர் எந்த மலையிலும் ஏறியதில்லை. குழு வந்து இறங்கியதும் தன் நீல நிற ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில் ஹோட்டலுக்கே போய்விடுவார், போகும்முன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை. யார் முன்னால் போனார், உச்சியிலிருந்து என்ன தெரிந்தது, ஆக்சிஜன் எங்கே போட்டீர்கள் என்று கேட்டு வாங்குவார். பொய் சொல்ல நினைத்தவர்களுக்கு அந்த அரை மணி நேரம் மலையைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

அவர் யாரையும் பொய்யர் என்று எழுதுவதில்லை. 'சர்ச்சைக்குரியது' என்று குறித்து வைப்பார், அவ்வளவுதான். தென்கொரியாவின் ஓ உன்-சன் பதினான்கு எட்டாயிரம் மீட்டர் சிகரங்களையும் ஏறிய முதல் பெண் என்று 2010-ல் அறிவிக்கப்பட்டபோது, கஞ்சன்ஜங்காவில் அவர் எடுத்த படம் எந்த இடம் என்றே தெளிவாக இல்லை என்ற பேச்சு வந்தது. ஹாலி அந்த ஏற்றத்துக்கு எதிரே அந்தச் சொல்லைப் போட்டார். அதே வருடம் கொரிய ஆல்பைன் சம்மேளனமே அவர் உச்சியை எட்டியிருக்க வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டது. ஹாலி 2018-ல் தமது 94-வது வயதில் காலமானார். அவருடைய கோப்புகள்தான் இன்று 'ஹிமாலயன் டேட்டாபேஸ்', யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே திரும்பிவிட்டால் அதைப் பதிவு செய்வதில் அர்த்தம் உண்டா? (ஒரு வாசகர், சிங்கப்பூர்)

உண்டு, எந்த இடத்தில் திரும்பினோம் என்று நேர்மையாகச் சொன்னால்.

பாகிஸ்தானில் உள்ள கேஷர்பிரம் 4-ன் மேற்குச் சுவரை 1985-ல் வோய்டெக் குர்டிகாவும் ராபர்ட் ஷாயரும் ஏறி முடித்தார்கள். சுவரைத் தாண்டி ரிட்ஜுக்கு வந்த பிறகு உணவும் இல்லை, எரிவாயுவும் இல்லை, புயல் வேறு, உச்சிக்குப் போகாமல் இறங்கினார்கள். போகவில்லை என்று அவர்களே சொன்னார்கள். இன்றும் இமயமலை வரலாற்றின் மிகப் பெரிய ஏற்றங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

மனஸ்லு கதை வேறு. அங்கே பல வருடங்களாக ஏராளமானவர்கள் உண்மையான உச்சிக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு மேட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். பலருக்கு அது உச்சி இல்லை என்றே தெரியாது. 2021-ல் மிங்மா ஜி என்ற ஷெர்பா தன் குழுவோடு மேட்டைத் தாண்டி உண்மையான உச்சிக்குப் போவதை ஜாக்சன் குரோவ்ஸ் டிரோனிலிருந்து படம் எடுத்தார். ஒரு பக்கம் கூட்டம், இன்னொரு பக்கம் உச்சி, நடுவில் இடைவெளி, எல்லாம் ஒரே படத்தில். 2022-லிருந்து உண்மையான உச்சிக்குப் போனவர்களை மட்டுமே டேட்டாபேஸில் ஏறியவர்களாகக் கணக்கில் எடுக்கிறார்கள்.

பழைய அறிக்கைகளில் சுமை தூக்கியவர்கள், ஷெர்பாக்கள் பெயர் ஏன் அதிகம் இல்லை? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

எழுதியவர்கள் துரைமார்கள், அவ்வளவுதான் காரணம். 1922-ல் எவரெஸ்ட்டில் பனிச்சரிவில் ஏழு பேர் இறந்தார்கள், ஏழு பேரும் சுமைக்காரர்கள். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பிரிட்டிஷ் மலையேறி மலோரியின் பெயரைச் சொல்லாதவர் இல்லை, அந்த ஏழு பேரில் ஒருவர் பெயரைச் சொல்கிறவரைத் தேட வேண்டும்.

பெயர் விடுபடுவதோடு இது நிற்பதில்லை. கே2-வில் 1954-ல் இத்தாலியர்கள் முதலில் ஏறியபோது, உச்சிக்குப் போகும் இருவருக்கான ஆக்சிஜன் சிலிண்டர்களைச் சுமந்துகொண்டு வால்ட்டர் பொனாட்டியும் ஹுன்சாவைச் சேர்ந்த அமீர் மஹ்தியும் மேலே போனார்கள். பேசிவைத்த இடத்தில் கடைசி முகாம் இல்லை. 8,000 மீட்டருக்கு மேலே, கூடாரம் இல்லாமல், இரவு முழுவதும் பனியில் உட்கார்ந்திருந்தார்கள். மஹ்தி கால்விரல்களை இழந்தார். மறுநாள் கொம்பாக்னோனியும் லாசெடெல்லியும் அந்தச் சிலிண்டர்களோடு உச்சிக்குப் போனார்கள், வழியிலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று அதிகாரபூர்வ வரலாற்றில் எழுதப்பட்டது. பத்து வருடம் கழித்து ஒரு பத்திரிகை, இரவில் பொனாட்டிதான் ஆக்சிஜனைப் பயன்படுத்திவிட்டார் என்று குற்றம் சாட்டியது, அவர் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார். 1993-ல் ராபர்ட் மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் ஒரு பழைய உச்சிப் படத்தைக் கவனித்தார். அதில் கொம்பாக்னோனி முகமூடியோடு நிற்கிறார்! ஆக்சிஜன் வழியிலேயே தீர்ந்திருந்தால் உச்சியில் முகமூடி எதற்கு? பொனாட்டி சொன்னதே சரி என்று இத்தாலிய ஆல்பைன் கிளப் ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு ஆனது.

அதனால் கோவை நண்பரே, உங்கள் சாமானைச் சுமந்தவர், சமைத்தவர், குதிரைக்காரர் பெயரையும் ஊரையும் அவர்களிடமே கேட்டுச் சரியாக எழுதுங்கள். யார் எதை எந்த இடம் வரை சுமந்தார் என்பதையும்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டால் கூட்டம் வந்துவிடாதா? சொல்லாமல் இருப்பதுதானே மலைக்கு நல்லது? (ஒரு வாசகர், ஈரோடு)

அப்படி நினைத்து வேண்டுமென்றே எழுதாமல் விடும் மலையேறிகள் இருக்கிறார்கள், அடுத்து வருகிறவருக்கும் அதே புதுமை கிடைக்கட்டும் என்பது அவர்கள் வாதம். மதிக்கிறேன், ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆறாயிரம் மீட்டரில் கஷ்டமான சுவர் ஒன்றுக்கு நான்கு பக்க அறிக்கையைப் படித்துவிட்டுக் கூட்டம் வராது. ரீல்ஸ் பார்த்துவிட்டுக் கூட்டம் போகிற இடங்கள் வேறு.

மலையும் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். கே2 கசப்புக்குப் பிறகு அதே பொனாட்டி 1955 ஆகஸ்டில் பிரான்சின் டிரூ மலையில் ஒரு பாறைத் தூணைத் தனி ஆளாக ஏறினார், பொனாட்டித் தூண் என்றே பெயர் வந்தது. 2005-ல் அந்தத் தூண் இடிந்து விழுந்துவிட்டது. எந்த வெடிப்பில் கை வைத்தார், எங்கே கயிற்றை வீசி மாட்டித் தொங்கினார் என்பதெல்லாம் இப்போது எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஆல்ப்ஸில் உறைநிலம் உருக உருக இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

பெயரில்லாத ஒரு சிகரத்தில் நாங்கள்தான் முதலில் ஏறினோம். அதற்கு என் பாட்டியின் பெயரை வைக்கலாமா? (ஒரு வாசகர், சேலம்)

சிகரத்துக்கு வேண்டாம். வரைபடத்தில் பெயர் இல்லை என்றால் ஊரில் பெயர் இல்லை என்று அர்த்தமில்லை, கீழே ஆடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கும். 1856-ல் மான்ட்கோமரி என்ற சர்வே அதிகாரி காரகோரத்தில் கே1, கே2 என்று எண் போட்டுக்கொண்டே போனார். கே1-க்கு மஷர்பிரம் என்று ஊர்ப் பெயர் இருப்பது தெரிந்து அதுவே நிலைத்தது, அப்படி ஒன்று பரவலாக இல்லாததால் கே2 கே2-வாகவே நின்றுவிட்டது. ஊரிலும் பெயர் இல்லாவிட்டால் வரைபடத்தில் உள்ள உயரத்தை வைத்தே 'சிகரம் 5,930' என்பது போல எழுதுங்கள்.

ஏறிய பாதைக்குப் பெயர் வைப்பது வேறு விஷயம், அது முதலில் ஏறியவர்கள் உரிமை. அதற்குத் தாராளமாகப் பாட்டி பெயரை வையுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டலை மட்டும் அறிக்கையிலும் படத்திலும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.